கூடைக்கும் பெட்டிக்கும் உள்துணி

கூடையின் இடுக்கை அடைப்பது நம் கிராமப் பெண்மக்களுக்குப் புதிய விஷயமன்று. பழந்தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலிலிட்டு அரைத்து, அந்த விழுதை மூங்கிற் கூடைக்கும் முறத்திற்கும் பூசி வெயிலில் உலர்த்தும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. தானியம் அளக்கும் கூடையைச் சாணத்தால் மெழுகுவதும் உண்டு. இவ்விரண்டும் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டன. பூசிய கூடையின் இடத்தில் பிளாஸ்டிக் தொட்டியும் வாளியும் வந்து அமர்ந்துவிட்டன. இந்த மாற்றத்தைக் குறித்துப் பலரும் வருந்துகிறார்கள். ஆனால் வீட்டுப் பெண்கள் ஏன் கூடையைக் கைவிட்டார்கள் என்று அவர்களிடமே கேட்டால், அவர்கள் தரும் காரணங்கள் மிகவும் நியாயமானவை. பயறும் எள்ளும் இடுக்கின் வழியே சிந்துகின்றன. ஈர்க்கின் முனை கையைக் கீறுகிறது, துணியை இழுக்கிறது. வெங்காயச் சருகும் மண்ணும் பின்னலில் புகுந்தால் எளிதில் வெளிவருவதில்லை. கூடையை நீர் விட்டுக் கழுவினால் உலர நாளாகிறது, உலராவிட்டால் பூஞ்சணம் பிடிக்கிறது. கூடை அழகாக இல்லை என்று எவரும் சொல்லவில்லை.

இந்த நான்கு குறைகளுக்கும் ஒரே பரிகாரமாக அமைவது, கழற்றி மாட்டக்கூடிய துணி உறையொன்றைக் கூடைக்குள் அணிவிப்பதாகும். வேலை சிறிது, செலவும் சிறிது. ஆயினும் இதனைச் சரியாகச் செய்வோர் குறைவு. பனையோலைப் பெட்டியும் மூங்கிற் கூடையும் முடையும் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கும், தையற் பொறி வைத்திருக்கும் சகோதரிகளுக்கும் பயன்படும் என்னும் எண்ணத்தில் இவ்வேலையின் நுட்பங்களைச் சற்று விரிவாகவே இங்கு எழுதுகிறேன்.

ஒருமுறை மட்டுமே பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பெற்றது. இவற்றின் பயனாகத் துணிப்பை தைப்போர் தொகை பெருகியது. துணிப்பை தைப்போர் பெருகியதால் அதன் கூலி ஓரளவுக்கு மேல் ஏறவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியும் கூடையும் அந்தத் தடையில் அடங்கியவை அல்ல. அவற்றோடு நம் பெட்டி கடைத்தெருவில் நேருக்கு நேர் போட்டியிட்டே ஆகவேண்டும். உள்துணி அணிந்த பெட்டி அப்போட்டியில் நிற்கும் தகுதி உடையது. வெற்றுப் பெட்டியை ஒரு பரிசுப் பொருளாக ஒருவர் ஒருமுறை வாங்குவார். உள்துணியிட்ட பெட்டியைச் சமையலறையில் வைத்து நாள்தோறும் எடுத்தாள்வார்.

ஓலையும் துணிக் கைவேலையும் சேர்வது தமிழ்நாட்டில் முன்பே உள்ளதுதான். செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்ற பொருள். சிறிய அந்த ஓலைப் பெட்டியை மணிகளாலும் பின்னல் வேலையாலும் அலங்கரித்துச் சடங்குகளில் உபயோகிப்பது செட்டிநாட்டுப் பெண்களின் மரபு. அங்கே துணியின் வேலை வெளிப்புறத்து அழகு. இங்கே நாம் பேசுவது உட்புறத்து உபயோகம்.

முதலில் ஒரு கொள்கையை உறுதி செய்துகொள்ள வேண்டும். உள்துணியைக் கூடையோடு சேர்த்துத் தைக்கவும் கூடாது, பசையிட்டு ஒட்டவும் கூடாது. நகரத்துக் கடைகள் சிலவற்றில் ஒட்டிய உள்துணியோடு பெட்டிகள் விற்கப்படுவதைக் காணலாம். பார்வைக்கு அவை மிகவும் நேர்த்தியாக இருக்கும். ஆனால் துணி அழுக்கடைந்தால் அதைத் துவைக்க வழியில்லை. ஒட்டிய இடத்தில் ஈரம் தங்கும். மூங்கிற் கூடையானால் வேறொரு கேடும் உண்டு. மூங்கிலைத் துளைக்கும் வண்டு உள்ளே வேலை செய்யும்போது மாவுபோன்ற தூள் உதிரும். கழற்றும் துணியானால் வாரத்திற்கொருமுறை எடுத்துப் பார்த்து, தூள் கண்டவுடன் கூடையை வெயிலில் போடலாம். ஒட்டிய துணியோ கூடை உளுத்து உடையும்வரை அதை மறைத்து வைத்திருக்கும்.

இனித் துணியைப் பற்றிக் கூறுவோம். இவ்வேலைக்கு ஏற்றது காடாத் துணி. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் சோமனூர், பல்லடம் பகுதிகளின் விசைத்தறிகளில் நெய்யப்படும், வெளுக்காத பருத்தித் துணி அது. தறியில் பாவு நூல் அறாமலிருப்பதற்காக நூலுக்குக் கஞ்சிப் பசை ஏற்றியிருப்பார்கள். புதுத்துணியின் விறைப்பு அந்தப் பசையால் வருவதே. அந்த விறைப்பைக் கண்டு, ‘நல்ல கனமான துணி’ என்று எண்ணி, வாங்கிய நிலையிலேயே வெட்டித் தைப்பவர்கள் பலர். முதல் சலவையில் உறை சுருங்கிவிடுகிறது. பெட்டிக்குள் இறங்க மறுக்கிறது. இது ஒன்று. கஞ்சிப் பசை இராமபாணப் பூச்சிக்கும் பூஞ்சணத்திற்கும் நல்ல உணவு. தானியத்தின் அருகே அதை வைப்பது பூச்சிக்கு இலைபோட்டு அழைப்பதாகும். இது மற்றொன்று. ஆகவே துணியை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, மறுநாள் சலவைச் சோடா சிறிது இட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து, இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசி உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே கத்தரிக்கோலைத் தொடவேண்டும். அதன் பிறகும் இவ்வுறைகளுக்கு ஒருநாளும் கஞ்சி போடலாகாது.

எவ்வளவு சுருங்கும் என்பது துணிக்குத் துணி வேறுபடும். அதை அறிய ஓர் எளிய உபாயம் உண்டு. ஊறவைக்குமுன் துணியின் நடுவே 20 அங்குலச் சதுரம் ஒன்றை அளந்து, அதன் நான்கு மூலைகளிலும் வண்ண நூலால் ஒரு முடிச்சுத் தையல் போட்டு வைக்கவும். உலர்ந்தபின் முடிச்சுக்கு முடிச்சு மீண்டும் அளக்கவும். 19 அங்குலம் இருந்தால் துணி நூற்றுக்கு 5 வீதம் சுருங்கியிருக்கிறது. நீளவாட்டிலும் அகலவாட்டிலும் தனித்தனியே அளக்கவேண்டும். இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

வெட்டுத்துணிகளைப் பயன்படுத்தலாமா என்று பலர் வினவுவர். திருப்பூரிலிருந்து எடைக்கு வரும் பனியன் துணி இதற்கு உதவாது. அது பின்னல் துணியாதலால் பாரம் ஏற்றியவுடன் இழுபட்டுத் தொங்கும். கரூரிலும் சென்னிமலையிலும் திரைச்சீலை, விரிப்பு முதலியவை நெய்யும் இடங்களில் கிடைக்கும் துண்டுகள் நெய்த துணியானதால் நன்கு உழைக்கும். வண்ணத் துணியாயின், வெள்ளைத் துணியொன்றை நனைத்து அதன்மேல் அழுந்தத் தேய்த்துப் பார்த்துச் சாயம் ஏறாவிட்டால் மட்டுமே கொள்ளலாம். உண்பொருளைத் தொடும் பகுதிக்கு வெளுக்காத காடாவும், வெளியே மடியும் பகுதிக்கு மட்டும் வண்ணத் துணியும் வைத்துத் தைப்பது செலவையும் குறைக்கும்; கண்ணுக்கும் நன்றாயிருக்கும்.

அளவு எடுப்பதில்தான் பெரும்பாலான முயற்சிகள் முறிகின்றன. இதனைச் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது. பெட்டி முடைபவர்கள் சாணும் விரற்கடையும் கொண்டு அளப்பவர்கள்; தைப்பவர்கள் அங்குல நாடாவால் அளப்பவர்கள். ஒரே குழுவில் ஐந்து பேர் ‘ஒரு சாண் பெட்டி’ முடைந்தால் ஐந்தும் ஐந்து விதமாக வரும். சாண் என்பது அவரவர் கையின் அளவல்லவா? எங்கள் ஒன்றியத்தில் ஒரு குழுவினர் ஒரே அளவில் உறைகளைத் தைத்து முடித்துவிட்டுப் பிறகு பெட்டிகளில் அணிவித்தனர். சிலவற்றில் துணி திரைந்து கிடந்தது. சிலவற்றில் அடியைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. வெளியூர் வணிகர் ஒருவர் அந்தத் தொகுதியை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். கூலி எதிர்பார்த்திருந்த பெண்களுக்கு அந்த மாதம் கைக்கு ஒன்றும் வரவில்லை. அதன்பின் குழுவில் நடந்த வாக்குவாதத்தை எழுதத் தேவையில்லை. முடைபவர்கள் தைப்பவர்களையும், தைப்பவர்கள் முடைபவர்களையும் குறை கூறினர்.

அக்குழுவில் வயதில் மூத்த ஓர் அம்மையார், “ஐயா, என் கை தப்பாது, இந்தப் பிள்ளைகளின் டேப்புதான் தப்பும்” என்று என்னிடம் உறுதியாகச் சொன்னார். அவர் முடைந்த பெட்டிகளை மட்டும் தனியே எடுத்து அளந்து பார்த்தோம். அவர் சொன்னது பொய்யன்று. எல்லாம் அரை அங்குல வேறுபாட்டிற்குள் அடங்கின. அவர் கை அவருக்குத் தப்பவில்லை. அடுத்தவர் கையோடுதான் ஒவ்வவில்லை. பின்னர் தச்சரிடம் சொல்லி 8 அங்குலச் சதுரப் பலகைகள் செய்வித்து, முடைபவர் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்தோம். அடியை முடைந்தவுடன் அப்பலகையை அதன்மேல் வைத்து, விளிம்போடு விளிம்பு ஒத்திருக்கிறதா என்று பார்த்து, அதன் பிறகு ஓலையை மேல்நோக்கி மடக்கிச் சுவர் எழுப்ப வேண்டும். உயரத்திற்கு ஒரு குச்சி. அவ்வளவே. அந்த அம்மையாரும் பலகையை வாங்கிக்கொண்டார். தம் பெட்டிக்கு அது தேவையில்லை என்பதைக் காட்டுவதற்காகவே ஒவ்வொரு பெட்டியின் மேலும் அதை வைத்து எங்களுக்குக் காட்டுவார்.

அளவு எப்போதும் பெட்டியின் உட்புறத்தில் எடுக்கவேண்டும். வெளிப்புறத்தில் எடுத்தால் ஓலையின் பருமனும் சேர்ந்து உறை பெரிதாகிவிடும். நன்கு உலராத பெட்டியையும் அளக்கலாகாது. முடைவதற்காக நனைத்த ஓலை காயும்போது சிறிது ஒடுங்கும். ஈரப் பெட்டிக்குள் துணி போட்டால் இரண்டும் சேர்ந்து பூக்கும்.

பனையோலைப் பெட்டி பெரும்பாலும் அடி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் அமையும். இதற்கு ஒரே துணியில் வெட்டும் முறை போதுமானது. அடிச் சதுரம் பக்கத்திற்கு 8 அங்குலம், உள் உயரம் 7 அங்குலம், உட்சுற்றளவு 32 அங்குலம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். துணியின் அகலம், சுற்றளவில் பாதியாகிய 16 அங்குலத்தோடு இருபுறத் தையலுக்கும் அரை அரை அங்குலம் சேர்த்து 17 அங்குலம். நீளத்திற்கு, உயரம் 7, வெளியே மடிய 3, நாடாப் புழைக்கு 1 ஆக 11 அங்குலம். இது இருபுறத்துக்கும் 22. இதனோடு அடிக்கு 8 சேர்த்து 30 அங்குலம். ஆக, 17க்கு 30 அங்குலத் துண்டு ஒன்று.

துண்டை நல்ல முகம் உள்ளே இருக்குமாறு நீளவாட்டில் இரண்டாக மடித்தால் 17க்கு 15 அங்குலமாக நிற்கும். மடிப்பு அடியிலும், திறந்த வாய் மேலேயும் இருக்கவேண்டும். இரு பக்கங்களையும் அரை அங்குலம் விட்டு அடியிலிருந்து மேல்நோக்கித் தைத்து வர வேண்டும். வாய் வரையில் தைத்துவிடலாகாது. மேலே 4 அங்குலம் திறந்தே இருக்கட்டும். பெட்டியின் பிடிகள் அந்தத் திறப்பில் வந்து அமரும். பிடியில்லாத பெட்டிக்கும் இந்தத் திறப்பு அவசியம். விளிம்புக்கு வெளியே சுற்றளவு சற்று அதிகமாதலால், திறப்பில்லாத உறை வெளியே மடியும்போது இறுகும்.

அடுத்து அடியின் மூலை. பக்கத் தையல் அடி மடிப்பின் நடுவில் வந்து படியுமாறு மூலையை முக்கோணமாகத் தட்டையாக்கவேண்டும். முக்கோணத்தின் குறுக்கே 8 அங்குல நீளம் வரும் இடத்தில் கோடு கிழித்து, அக்கோட்டின்மேல் இருமுறை தைக்கவும். மற்ற மூலைக்கும் அவ்வாறே. இப்போது பை 8 அங்குலச் சதுர அடியும் 11 அங்குல உயரமும் உடைய பெட்டியாக எழுந்து நிற்கும். முக்கோணத் துண்டுகளை வெட்டி எறியலாகாது; அவற்றை அடியோடு சேர்த்து ஓரிரு தையலில் பிடித்துவிட்டால் அடி கனப்பட்டு உழைக்கும்.

இதன்பின் ஒரு நுட்பம் உண்டு. பை தைத்துப் பழகியவர்கள் தைத்து முடித்ததும் கைப்பழக்கத்தால் அதைப் புரட்டிவிடுவார்கள். கூடை உறையைப் புரட்டக்கூடாது. தைத்தபடியே உள்ளே இறக்கவேண்டும். தையலின் பிசிறு ஓலைப் பக்கம் போய்விடும். தானியம் தொடும் பக்கம் வழவழப்பாக இருக்கும். வெளியே மடியும் பகுதியிலும் நல்ல முகமே மேலே தெரியும். புரட்டிய உறையில் பிசிறு நூல் தானியத்தோடு கலந்து அரிசியிலும் பருப்பிலும் வந்து சேரும். வாங்கியவர் மறுமுறை வராமற்போக இது ஒன்றே போதும். நாடாப் புழையை மடித்துத் தைக்கும்போதும் மடிப்பு பிசிறுள்ள பக்கமே செல்லவேண்டும். மேல் ஓரத்தைக் கால் அங்குலம் உள்ளே திருப்பி, மீதி முக்கால் அங்குலத்தை மடித்துத் தைத்தால் புழை தயார். பக்கத் திறப்பின் ஓரங்களை அதற்கு முன்பே மடித்து அடித்துவிட வேண்டும்.

நாடா இரண்டு, ஒவ்வொன்றும் 32 அங்குலம். புழைக்குள் 16 அங்குலம் போக, இருபுறமும் முடிச்சுப் போட 8 அங்குலம் நீண்டிருக்கும். இரு பிடிகளின் கீழும் முடிச்சிட்டுக் கட்டினால் உறை அசையாது. நாடாவுக்குப் பதிலாக எலாஸ்டிக் வைத்தால் வேலை விரைவாகும். எனினும் வெந்நீர்ச் சலவையில் எலாஸ்டிக் சில மாதங்களில் தளர்ந்துவிடும்; மாற்றுவதற்குத் தையலைப் பிரிக்கவேண்டும். நாடா இற்றுப்போனால் ஊக்கு ஒன்றின் உதவியால் வீட்டிலேயே வேறு கோத்துக்கொள்ளலாம். நான் நாடாவையே விரும்புவேன்.

காடாவுக்குத் தையற் பொறியில் 14ஆம் எண் ஊசி பொருந்தும். பல மடிப்புகள் சேரும் மூலையில் ஊசி முறியுமானால் 16ஆம் எண்ணுக்கு மாறலாம். பொறி இல்லாதவர்கள் பின்தையலாகக் கையாலும் தைக்கலாம். ஓட்டுத் தையல் பாரம் தாங்காது.

மூங்கிற் கூடை அடியிலும் வட்டம், வாயிலும் வட்டம். வாய் அகன்றும் அடி குறுகியும் இருக்கும். இங்கே முன்சொன்ன முறை பொருந்தாது. அடிக்கு ஒரு வட்டமும் சுவருக்கு நான்கு பட்டைகளும் வெட்டவேண்டும். அடியின் குறுக்களவு 10 அங்குலம், வாயின் குறுக்களவு 14 அங்குலம், சாய்வு உயரம் 8 அங்குலம் என்று கொண்டால், அடி வட்டம் தையலுக்கு விட்டது உட்பட 11 அங்குலக் குறுக்களவு. அடியின் சுற்றளவு ஏறத்தாழ 31½ அங்குலம். அதில் நாலில் ஒன்று 7⅞. தையலுக்கு 1 அங்குலம் சேர்த்துப் பட்டையின் கீழகலம் 8⅞ அங்குலம். வாயின் சுற்றளவு 44. நாலில் ஒன்று 11. வாய் விளிம்புக்கு நேரே பட்டையின் அகலம் 12 அங்குலம். அதே சாய்வை மேலே 4 அங்குலம் நீட்டினால் மேலகலம் 13½ வரும். பட்டையின் மொத்த உயரம் 12½. இரண்டே பட்டையாக வெட்டினால் தையல் குறையுமே என்று தோன்றலாம். ஆனால் சாய்ந்த சுவருக்கு வெட்டும் துணியின் கீழோரம் நேர்கோடாக இருக்க முடியாது, வளைவாக இருக்கவேண்டும். இரண்டு பட்டையானால் அந்த வளைவு ஒன்றரை அங்குலம். நான்கு பட்டையானால் அங்குலத்தில் முக்கால் வாசியிற் பாதி, அதாவது ⅜ அங்குலமே. புதிதாகக் கற்பவர் கையால் வரைந்தாலும் தவறு வராது. நடுவில் உயர்ந்தும் இரு ஓரங்களில் அந்த அளவு தாழ்ந்தும் இருக்குமாறு வளைக்கவேண்டும். அடி வட்டத்தை நான்காக மடித்து நான்கு இடங்களில் குறியிட்டு, பட்டைகளின் தையல்கள் அக்குறிகளில் வந்து சேருமாறு குண்டூசி குத்திக்கொண்டு தைத்தால் சுருக்கம் விழாது. வெட்டும்போது பட்டைகளை ஒன்றைத் தலைகீழாகவும் ஒன்றை நேராகவும் அடுக்கினால் துணி மிச்சமாகும்.

எல்லாப் பண்டத்திற்கும் உள்துணி ஏற்றது என்று சொல்லமாட்டேன். கருப்பட்டி காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். துணி பிசுபிசுத்து எறும்பைச் சேர்க்கும். கருப்பட்டிக்கு வெறும் ஓலைப் பெட்டியே சிறந்தது. நம் முன்னோர் அதனை அறிந்தே ஓலையில் வைத்தனர். பச்சை மீனுக்கும் இது வேண்டாம். பயறு, மிளகாய் வற்றல், பூண்டு, வெங்காயம், முட்டை, காய்கறி, ரொட்டி, குழந்தைகளின் உடை, அங்கன்வாடியின் விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றிற்கு மிகவும் ஏற்றது. துணி, வண்டைத் தடுக்காது என்பதையும் வாங்குவோரிடம் மறைக்கக்கூடாது. விதைத் தானியத்தை இதில் போட்டு வைத்து, பின்பு முளைக்கவில்லை என்று எவரும் வந்து நிற்கும்படி ஆகலாகாது.

இனிக் கணக்கு. 36 அங்குல அகலக் காடா 10 மீட்டர் வாங்கினால் நீளம் 393 அங்குலம். சுருங்காத துணி என்று எண்ணி, 30 அங்குலத்திற்கு ஒன்றாக 13 வரிசை, வரிசைக்கு இரண்டாக 26 உறை என்று கணக்கிட்டு விலை பேசுவார்கள். நூற்றுக்கு 5 சுருங்குமானால் நீளம் 373 அங்குலமாகும், 12 வரிசைதான் தேறும், 24 உறை. அகலமும் 34 அங்குலத்திற்குச் சற்று மேலாகக் குறைந்து, இரண்டு துண்டு மட்டாகத்தான் அடங்கும். 34க்கும் கீழே போய்விட்டால் இரண்டாவது துண்டே கிடையாது, கணக்கு பாதியாகிவிடும். ஆகவே மொத்தமாக வாங்குமுன் ஒரு மீட்டர் வாங்கி அலசிப் பார்த்துவிட வேண்டும். மீட்டர் 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 26 உறைக் கணக்கில் ஒன்றுக்குத் துணிச் செலவு ஏறத்தாழ 23 ரூபாய். உண்மைச் செலவு 25 ரூபாய். இந்த 2 ரூபாய் தைப்பவரின் கூலியிலிருந்துதான் போகும். 24 உறைகளுக்கு நாடா ஏறக்குறைய 39 மீட்டர் வேண்டும். அதையும் நூலையும் ஊசியையும் கணக்கில் மறந்துவிடுபவர்கள் உண்டு.

கணக்கைவிடக் கடினமானது பங்கீடு. உள்துணி இட்ட பெட்டி அதிக விலைக்குப் போகிறது. அந்த அதிகம் யாருக்கு? பல இடங்களில் நடப்பது இது: வணிகர் கிராமத்தில் வெற்றுப் பெட்டியைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சென்று, நகரத்தில் உறை தைப்பித்து விற்கிறார். ஏற்றம் முழுவதும் கிராமத்திற்கு வெளியே தங்குகிறது. குழுவே தைக்கத் தொடங்கும்போதோ, பொறி வைத்திருப்பவர்கள் பெரும்பங்கு கேட்கிறார்கள். தையல் தெரிந்தவர்கள் இளம் பெண்கள். முடைபவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், கணக்குக் கேட்கத் தயங்குபவர்கள். ஓலையை வார்ந்து, ஈர்க்கைப் பிரித்து, நனைத்து, முடைந்து முடிக்க ஒரு நாளின் பெரும்பகுதி செல்கிறது. துண்டுகளை ஒருசேர வெட்டி வைத்துக்கொண்டால் பழகியவர் ஒருவர் ஓர் உறையை ஒரு மணி நேரத்திற்குள் தைத்துவிடுவார். பொறிக்குரிய தேய்மானத்தையும் நூலையும் செலவில் எழுதிவிட்டு, கூலியை இருவருக்கும் ஒரே மணிக்கணக்கில் பிரிப்பதே முறை என்பது என் கருத்து. அப்படிப் பிரித்தால் முடைபவருக்கு அதிகமும் தைப்பவருக்குக் குறைவும் வரும். இதில் தைப்பவர்களுக்கு மனக்குறை எழும் என்பதை அறிவேன். ஆயினும் முடைபவர் வேலையை விட்டுவிட்டால் தைக்கப் பெட்டி ஏது? எங்கள் குழுவில் ஓர் இளம் பெண் இதற்கு விடையாகத் தானே ஓலை முடையக் கற்றுக்கொள்ளத் தொடங்கினாள். மூத்த அம்மையாரைப் ‘பெரியம்மா’ என்றழைத்து மாலை வேளைகளில் அவர் திண்ணையில் அமர்ந்திருப்பாள். குழுவின் கூட்டத்தில் நாங்கள் எடுத்த எந்தத் தீர்மானமும் அதற்கு ஈடாகாது.

ஒரு பெட்டிக்கு இரண்டு உறை என்று சேர்த்து விற்பதும் நல்லது. ஒன்று சலவையில் இருக்கும்போது மற்றொன்று உள்ளே இருக்கும். அளவு நிலையாக இருந்தால் ஓராண்டு கழித்தும் வாங்கியவர் உறையை மட்டும் கேட்டு எழுதலாம். அதற்காக ஒவ்வோர் உறையின் உள்மடிப்பிலும் அளவெண்ணைச் சிறு துணித்துண்டில் எழுதித் தைத்துவிட வேண்டும். மாவட்டத் தலைநகரங்களில் உள்ள பூமாலை வணிக வளாகங்களில் குழுக்களின் பொருள்களை விற்க இடமுண்டு. அங்கே வைக்கும் பெட்டியில் உறையைக் கழற்றிக் காட்டுவதற்கு ஒருவர் நிற்கவேண்டும். கழற்றலாம் என்பது பார்த்தமாத்திரத்தில் தெரிவதில்லை.

தைப்பவர்களுக்கு நேரம் எப்போது கிடைக்கும் என்பதையும் பார்க்கவேண்டும். மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களில் உள்ளவர்களுக்குப் பள்ளிச் சீருடைத் தையல் வேலை குவியும் மாதங்களில் இதற்குக் கை ஓயாது. அவ்வேலை முடிந்து பொறிகள் சும்மா இருக்கும் காலமே உறைகளுக்கு ஏற்றது. பொங்கலுக்கு விற்க வேண்டியவற்றிற்கு ஆவணி புரட்டாசியிலேயே துணி வாங்கிவிடுவது நலம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காடாவை அலசி உலர்த்த வெயில் கிடைக்காது, ஓலையும் காயாது. மழைக்கு முன்பே துணியை அலசி, உலர்த்தி, அளந்து, மடித்து அடுக்கிவிட்டால், வெட்டுவதும் தைப்பதும் மழை நாளிலும் வீட்டுக்குள்ளேயே நடக்கும்.